யார் வீட்டுச் சாவுக்கு யார் அடித்தார்கள்?

புதுச்சேரி முதலியார்பேட்டையில் அண்மையில் நடந்த ஒரு இலக்கிய வட்டக் கூட்டத்தில், இசை பற்றிப் பல ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வருகிற ஒருவர் தமிழில் சுயாதீன இசை என்ற தலைப்பில் உரையாற்றினார். கிடைத்த நேரத்தில் பாதியை ஒரே ஒரு குழுவைத் தாக்குவதற்குச் செலவிட்டார். அந்தக் குழு, தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். அவர் பேசியதன் சாரம் இது: சாதியே இல்லாத இடமாக இருந்த இசைக்குள் சாதியைக் கொண்டுவந்து போட்டவர்கள் இவர்கள், ஒரு சினிமா இயக்குநரின் பணத்தில் பிறந்ததால் இவர்களைச் சுயாதீனக் குழு என்று சொல்லவே கூடாது, இவர்கள் பாடுவது பாட்டில்லை, கோஷம், அதனால்தான் சில வருஷங்களுக்குள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். கூடியிருந்தவர்களில் பலர் கைதட்டினார்கள்.

பேச்சாளரின் பெயரை எழுதப் போவதில்லை. இந்தக் கருத்தை அவர் ஒருவர் மட்டும் வைத்திருக்கவில்லை. நல்ல இசை கேட்கிறவர்கள், நிறையப் படித்தவர்கள், தங்களைச் சாதி பார்க்காதவர்கள் என்று நம்புகிறவர்கள் பலரும் இதையே சொல்கிறார்கள். அதனால்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. அவர் சொன்னது தவறு. அந்தத் தவறுக்கு அடியில் ஒரு பெரிய பாராமுகம் இருக்கிறது.

இசை சாதியில்லாத இடமாக இருந்தது என்கிறார். எந்த ஊரில் இருந்தது?

அவர் நின்று பேசிய இதே முதலியார்பேட்டையில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கிறது? வாசலில் ஷாமியானா போடுவார்கள். வாடகை நாற்காலிகள் வந்து இறங்கும். மோளத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். மோளக்காரர்கள் வந்து அந்த நாற்காலிகளில் உட்கார மாட்டார்கள்; யாரும் உட்காரச் சொல்லவும் மாட்டார்கள். தெருமுனையில் மதில் ஓரமாக ஒதுங்கி, வைக்கோலையும் பழைய காகிதத்தையும் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். தோல் விறைத்ததும் விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்று வந்தால்தான் தோளில் மாட்டுவார்கள், இல்லாவிட்டால் மறுபடி நெருப்பில் காட்டுவார்கள். ஒரு கையில் தடித்த அடிகுச்சி, இன்னொன்றில் மெல்லிய நீளமான சுண்டுகுச்சி. பிணம் வீட்டில் கிடக்கும்போது ஓர் அடி, எடுக்கும்போது ஓர் அடி, நடைக்கு வேறு அடி. அத்தனை வகை அடியும் பாடத்திட்டம் எதுவும் இல்லாமல் அப்பனிடமிருந்தும் மாமனிடமிருந்தும் கைக்கு வந்தவை. மணிக்கணக்காக வெயிலில் நின்று அடிப்பார்கள். தேநீர் அவர்களிடம் கடைசியில்தான் போகும். இறந்தவர் எந்தச் சாதியாக இருந்தாலும், அடிக்க வருகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

இதைப் பார்க்காமல் யாரும் இந்த ஊரில் ஐம்பது வயதை எட்ட முடியாது. பார்த்தும், இசையில் சாதி இல்லை என்று ஒருவர் மேடையில் சொல்ல முடிகிறதென்றால், அந்த மோளக்காரர்கள் செய்வதை அவர் இசை என்றே எண்ணவில்லை என்பதுதான் பொருள். அவருடைய வாதத்தின் அஸ்திவாரமே அதுதான். அவர்களை இசைக்கு வெளியே நிறுத்திவிட்டால், உள்ளே சாதி இல்லாதது போலத்தான் தெரியும்.

மங்கல இசை என்று கொண்டாடுகிற நாகஸ்வரத்துக்கு மட்டும் என்ன மரியாதை கிடைத்தது? மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சட்டையில்லாமல், நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும் என்பதுதான் வழக்கமாக இருந்தது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வானி போட்டுக்கொண்டார், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றார். அவர் திமிர் பிடித்தவர் என்று பேசியவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். இன்று அவர் பெயரைச் சொல்லும்போது நம் பேச்சாளரைப் போன்றவர்களின் குரல் நெகிழ்கிறது. அவர் கேட்டது ஒரு கலைஞனின் உடம்புக்கு மேடையில் உரிய இடம். 2018இல் பத்தொன்பது பேர் கேட்டதும் அதுவேதான்.

அந்தப் பத்தொன்பது பேரின் கதையைப் பேச்சாளர் சொல்லவே இல்லை. ஒரு குழுவைத் திட்டுகிறவர் முதலில் அது எப்படி உருவானது என்று கேட்டவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் 2017இல் கைகோத்துத் தொடங்கிய முயற்சி அது. டென்மா அதற்கு முன்பே கபேர் வாசுகியோடு சேர்ந்து குரங்கன் என்ற குழுவை நடத்தியவர். சென்னையின் சுயாதீன இசைக்குள் ஊறியவர். வட சென்னைக் கானாப் பாடகர்கள், சாவு மோளம் அடிக்கிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், கிட்டார் வாசிக்கிறவர்கள் என்று பலரையும் வரவழைத்துக் கேட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். அரக்கோணத்திலிருந்து அறிவு வந்தார். வட சென்னையிலிருந்து இசைவாணி வந்தார். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் பாடத் துணிந்த பெண், தொடங்கியபோது குழுவில் இருந்த ஒரே பெண். கானா முத்து, பாலச்சந்தர், செல்லமுத்து, தரணி, மும்பை தாராவியின் ராப் இளைஞர்கள் எல்லோரும் ஒரே ஒத்திகை அறைக்குள் வந்து சேர்ந்தார்கள்.

2018 ஜனவரி 6ஆம் தேதி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி. ஆயிரக்கணக்கில் கூட்டம். எல்லோரும் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மேடையேறினார்கள். நீலக் கோட்டு அணிந்த அம்பேத்கரின் சிலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த உடுப்பின் பொருளை விளக்க வேண்டியதில்லை. சாவு வீட்டு வாசலில் அழுக்குச் சட்டையோடு நின்று அடித்த சட்டியும் கட்ட மோளமும், அன்றைக்குக் கோட்டுப் போட்ட மனிதர்களின் கையில், ஒலிபெருக்கிக்கு முன்னால், வெளிச்சத்தின் நடுவில் ஒலித்தன. யாருக்கும் பிணம் தூக்க வேண்டியிருக்கவில்லை. வந்தவர்கள் பாட்டுக் கேட்க வந்தார்கள்.

சட்டியின் ஒலியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். இடுப்பளவில் தொங்கும் சின்னத் தோல்கருவி அது. இரண்டு குச்சிகளால் மிக வேகமாக அடிப்பார்கள். ஒலி மெலிந்தது, கூரானது, ஒரு கணம்கூட ஓயாதது. கட்ட மோளம் அதற்கு நேர் எதிர். நெஞ்சுக்கூட்டுக்குள் போய் விழும் கனத்த அடி. கானாப் பாடகன் இந்த இரண்டுக்கும் நடுவில் வரியை இழுத்தும் முறித்தும் பாடுவான். டென்மா செய்த வேலை என்னவென்றால், இந்த மூன்றையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கிட்டாரையும் டிரம்ஸையும் அவற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது. சாஹிப் சிங்கின் கிட்டார் முன்னே பாய்ந்து கானாவை மூடுவதில்லை. கானா மூச்சு விடுகிற இடைவெளியில்தான் அது பேசுகிறது. மேற்கத்திய டிரம்ஸும் சட்டியும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டால் கேட்க இரைச்சலாகத்தான் இருக்கும். அந்த மோதலைத் தவிர்த்து, ஒன்று நிற்கும்போது மற்றொன்று எடுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். இதைக் கோஷம் என்று சொல்கிற காது பாட்டைக் கேட்கவில்லை. சொற்களை மட்டும் கேட்டிருக்கிறது, அந்தச் சொற்கள் பிடிக்காமல் அங்கேயே நின்றுவிட்டது.

சினிமாவில் கானா வந்தபோது இதே ஆட்களுக்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை. பேச்சாளரே தன் உரையில் தேவாவின் கானாப் பாடல்களை ரசித்ததாகச் சொன்னார். தேவா மேதை, அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தப் பாடல்கள் படத்தில் எங்கே வந்தன? கதாநாயகன் குடித்திருக்கும்போது, நண்பர்களோடு கூத்தடிக்கும்போது, ஒரு குத்தாட்டம் தேவைப்படும்போது. கானா சிரிக்க வைத்தால் ரசிப்போம். கானா பாடுகிறவன் தன் வீட்டுக் கதையை, இட ஒதுக்கீட்டை, ஆணவக் கொலையை, தான் சாப்பிடும் மாட்டுக்கறியைப் பாடினால் அரசியல் என்று முகம் சுளிப்போம். இந்த இரட்டை நியாயத்தை ரசனை என்று அழைக்க நான் தயாரில்லை.

பெயரைப் பற்றியும் அவர் பொருமினார். சாதியில்லாதவர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டே சாதியைத்தான் நினைவூட்டுகிறார்களாம். அந்தப் பெயர் அயோத்திதாச பண்டிதரிடமிருந்து வந்தது. 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவியவர், 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர், ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களைச் சாதிபேதமற்ற தமிழர் என்று பதிய வேண்டும் என்று சொன்னவர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலான அறிவு மரபு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அதை விளம்பர உத்தி என்று சொல்வதற்கு முன்னால் பண்டிதரின் எழுத்துகளைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

சென்னைக் குப்பத்துச் சண்டை நமக்கெதற்கு, புதுச்சேரி வேறு மரபு என்றும் ஒரு வார்த்தை விட்டார். இதுதான் என்னை மிகவும் கோபப்படுத்தியது. அவர் நின்ற பேட்டையின் பெயரிலேயே ஒரு சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு, தேவாலயத்துக்குள்ளேயே ஒடுக்கப்பட்டவர்களைத் தனியே பிரிக்க எழுப்பிய சுவரைப் பற்றி 1745இல் இங்கே எழுந்த தகராறு தெரியும். பிரெஞ்சுக்காரனின் சமத்துவ முழக்கம் கடல் தாண்டி வருவதற்கு முன்பும் சரி, வந்த பின்பும் சரி, புதுச்சேரியில் சாதி தன் இடத்தில் அப்படியே இருந்தது.

அதை விட்டு வெளியேற முயன்றவர்களும் இங்கேதான் இருந்தார்கள். 1881 செப்டம்பரில் வந்த ஆணை ஒன்று, தங்கள் சமூகத்தின் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின் கீழ் வருவதற்கு மக்களுக்கு வழி திறந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை அதற்காகப் போராடி, தானே முதலில் துறந்து, லாப்போர்த் என்ற குடும்பப் பெயரை ஏற்றார். துறந்தவர்களை ரெனோன்சான் என்கிறோம். இன்றும் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் தாங்கிய தமிழ்க் குடும்பங்கள் நம் தெருக்களில் இருக்கின்றன. அவர்களில் பலருடைய கொள்ளுத்தாத்தா பதிவாளர் முன்னால் போய் நின்று, பழைய பெயரோடு சேர்த்து வேறு சிலவற்றையும் விட்டுவருவதாக எழுதிக் கொடுத்தவர். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். சாதிபேதமற்றவன் என்று தன்னை எழுதிக்கொள்ளும் ஆசை சென்னையிலும் புதுச்சேரியிலும் ஒரே காலத்தில் எழுந்திருக்கிறது. அந்த ஆசையைத் தன் பெயராக்கிக்கொண்ட குழு நமக்கு அந்நியம் என்று சொல்ல இந்த ஊர்க்காரர் ஒருவருக்கு எப்படி மனம் வந்தது?

பணத்துக்கு வருகிறேன். ஒரு குழுவுக்கு யார் செலவு செய்தார்கள் என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதை எல்லோரிடமும் கேட்க வேண்டும். பேச்சாளர் ஜாய் டிவிஷனைச் சுயாதீன இசையின் உச்சம் என்றார். மான்செஸ்டரின் அந்தக் குழுவுக்கு 1979இல் முதல் முழுநீள இசைத்தட்டு எப்படி வந்தது? தொலைக்காட்சி நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்த டோனி வில்சன் தன் சொந்தப் பணத்தை ஃபேக்டரி ரெக்கார்ட்ஸில் போட்டார், வந்தது. நம் பக்கம் வாருங்கள். 1943இல் தமிழ் இசைச் சங்கம் சென்னையில் எழுந்தபோது பின்னால் நின்றவர் அண்ணாமலை செட்டியார். அந்தப் பணத்தால் தமிழிசைக்கு நன்மைதான் நடந்தது. அதைக் களங்கம் என்று யாரும் சொல்வதில்லை. சபாக்களின் டிசம்பர் கச்சேரிகளுக்குப் பின்னால் வங்கிகளின், நகைக்கடைகளின் பெயர்ப் பலகைகள் தொங்குகின்றன. அவற்றைக் கண்ணால் கண்டும் கேள்வி கேட்காதவர், தன் படங்களில் சம்பாதித்ததைத் தன் மக்களின் இசைக்குக் கொடுத்த ஒரு இயக்குநரைப் பார்த்து மட்டும் கணக்குக் கேட்கிறார். சுயாதீனம் என்பது யாருடைய உத்தரவுக்கும் பாட்டை மாற்றாமல் இருப்பது. திரைப்பட இசை நிறுவனங்கள் தொடத் தயங்கிய பொருளை இந்தக் குழு பாடியது. வேறென்ன சான்று வேண்டும்?

அரசியல் கலந்தால் கலை கெடும் என்கிற பழைய பல்லவிக்குப் பதில் சொல்வதே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் அவர் எடுத்துக்காட்டிய பெயர்களைக் கொண்டே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் அந்தக் குழுக்களின் வரலாற்றையும் சரியாகப் படிக்கவில்லை. பீட்டில்ஸ் தூய இசை என்றார். 1964இல் அமெரிக்காவின் ஜாக்ஸன்வில் நகரில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்கார வைத்தால் வாசிக்கமாட்டோம் என்று மறுத்த குழு அது. பிங்க் ஃபிளாய்ட் தூய இசை என்றார். அவர்களுடைய சுவர்ப் பாடலைக் கறுப்பின மாணவர்கள் தங்கள் போராட்டப் பாடலாக எடுத்துக்கொண்டதால் 1980இல் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு அதைத் தடை செய்தது. இவர்களைப் பூஜை அறையில் வைத்துவிட்டு, அதே துணிச்சலைத் தமிழில் காட்டினால் கோஷம் என்பது எந்த வகை இசையறிவு?

கேஸ்ட்லெஸ் கலெக்டிவுக்கு உலகில் நெருங்கிய உறவு எது என்று கேட்டால் நான் தி ஸ்பெஷல்ஸைச் சொல்வேன். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துத் தொழிலாளர் பிள்ளைகள். கறுப்பரும் வெள்ளையரும் கலந்த குழு. ஜமைக்காவின் ஸ்காவை எடுத்து, இங்கிலாந்தின் பங்க் வேகத்தோடு பிணைத்து, சூட்டுப் போட்டுக்கொண்டு ஆடிப் பாடினார்கள். நிறவெறிக் கும்பல்கள் தெருவில் திரிந்த காலம் அது. 1981 கோடையில் இங்கிலாந்தின் நகரங்கள் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தபோது, வேலையற்றுப்போன ஒரு நகரத்தைப் பற்றி அவர்கள் பாடிய பாட்டு விற்பனையில் முதலிடத்தில் நின்றது. அதே ஆண்டிலேயே மூன்று பேர் விலகினார்கள், குழு உடைந்தது. ஸ்பெஷல்ஸ் தோற்றுப்போனார்கள் என்று இசை அறிந்த யாரும் எழுதியதில்லை. ஜாய் டிவிஷனின் ஆயுளும் நான்கு வருடத்துக்குள்தான். குழுவின் வயதைக் கொண்டு அதன் செல்வாக்கை அளப்பவர் ராக் வரலாற்றின் முதல் பாடத்தையே தவறவிட்டவர்.

இவ்வளவையும் வெளிநாட்டிலிருந்து எடுத்துக்காட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. அந்தக் கூட்டம் எதைப் பாடித் தொடங்கியது? புதுச்சேரி அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தை. எழுதியவர் பாரதிதாசன். சாதியையும் அதைத் தாங்கிப் பிடித்த மதத்தையும் பெயர் சொல்லித் தாக்கிய கவிஞர், இந்த ஊர் வாத்தியார். அவருடைய பாட்டுக்கு எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்தவர்கள், பாட்டில் சாதியைப் பேசக்கூடாது என்ற பேச்சுக்குக் கைதட்டினார்கள். பாரதிதாசன் கவிதைக்குள் சாதியைக் கொண்டுவந்தார் என்று அவர்கள் எப்போதாவது சொல்வார்களா?

கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று நான் வாதாட மாட்டேன். மைதானத்தில் கூட்டத்தோடு கேட்டபோது உடம்பையே தூக்கிய சில பாடல்கள், ஒலிப்பதிவில் கேட்கும்போது இளைத்துத் தெரிகின்றன. 2018இல் வந்த ‘மகிழ்ச்சி’ தொகுப்பில்கூட மேடையின் சூடு முழுதாக வந்து சேரவில்லை என்பது என் எண்ணம். சில பாட்டுகளில் செய்தி முன்னால் ஓடிவிடுகிறது, மெட்டு பின்னால் மூச்சிரைக்க வருகிறது. ஒரு விமர்சகர் இதையெல்லாம் எடுத்துப் பேசியிருந்தால் நான் காது கொடுத்துக் கேட்டிருப்பேன். நம் பேச்சாளர் ஒரு பாட்டின் தாளத்தைப் பற்றிக்கூட ஒரு வாக்கியம் பேசவில்லை. எந்தப் பாடகரின் குரலைப் பற்றியும் பேசவில்லை. ஐயப்பன் பாட்டைப் பற்றி மட்டும் ஆத்திரப்பட்டார்.

அதையும் பேசிவிடுவோம். 2018 செப்டம்பரில் சபரிமலைக்குப் பெண்கள் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின் எழுந்த விவாதச் சூழலில், இசைவாணி பாடிய பாட்டு அது. நான் உள்ளே வந்தால் என்ன என்று ஒரு பெண் கேட்கிறாள். அந்த உரிமைக் கேள்விதான் பாட்டின் உயிர். பாடிப் பல வருடங்கள் கழித்து, 2024 நவம்பரில்தான் அதைத் தோண்டி எடுத்துப் புகார் கொடுத்தார்கள். இணையத்தில் அந்தப் பெண்ணுக்கு வந்த வசவுகளையும் மிரட்டல்களையும் ஒருவர் பார்த்திருந்தால், பாட்டை எடைபோடுவதற்கு முன் பாடியவளுக்காக ஒரு வார்த்தை பேசியிருப்பார். பேச்சாளர் வசவாளர்கள் பக்கம் போய் நின்றுகொண்டார். இதை எந்தச் சொல்லாலும் மென்மையாக்கிச் சொல்ல என்னால் முடியாது.

ஆளுக்கொரு பக்கம் போனார்கள் என்கிறாரே, எங்கே போனார்கள் என்று பார்த்தாரா? இசைவாணி 2020இல் பி.பி.சி.யின் உலகின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். டென்மா ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’, ‘நட்சத்திரம் நகர்கிறது’ போன்ற படங்களுக்கு இசையமைத்தார். அறிவு 2019இல் ‘தெருக்குரல்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அவர் எழுதிய வரிகளை, தமிழ் தெரியாத நாட்டுக் குழந்தைகள்கூடப் பாடினார்கள். 2020 டிசம்பரில் நீலம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது, அதுவரை சபாக்களுக்கென்று எழுதி வைத்திருந்த மாதத்தில் பறையும் கானாவும் ஒப்பாரியும் மேடை ஏறின. ஒரு ஒத்திகை அறையிலிருந்து சில வருடங்களுக்குள் இவ்வளவு புறப்பட்டிருக்கிறது. தமிழில் வேறு எந்தச் சுயாதீனக் குழுவுக்கு இப்படி ஒரு வாரிசுப் பட்டியல் இருக்கிறது? இருந்தால் காட்டட்டும்.

இசையில் சாதி இல்லை என்று இன்னமும் நம்புகிறவர்கள் 2021 ஆகஸ்டை நினைத்துப் பார்க்க வேண்டும். ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடிய தீ இருந்தார், ‘நீயே ஒளி’ பாடிய ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். முதல் பாட்டை எழுதிப் பாடியவரும் இரண்டாவதன் வரிகளை எழுதியவருமான அறிவு அட்டையில் இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு, பலரும் கொதித்த பிறகுதான் அறிவுக்கென்று ஓர் இணைய அட்டை வந்தது. அந்த அட்டையை வடிவமைத்தவர்கள் சாதி பார்த்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. யாருடைய முகம் தானாக நினைவுக்கு வருகிறது, யாருடையது கேட்ட பிறகுதான் வருகிறது என்பதைப் பார்க்கச் சொல்கிறேன்.

கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில் வாசலைத் தாண்டித்தான் பேச்சாளரும் அந்தக் கூட்டத்துக்கு வந்திருப்பார். 1898இல் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக முதலியார்பேட்டைக்கும் சுற்றுப்புறத்துக்கும் சோறு போட்டு, 2020இல் மூடிய மில் அது. இந்த ஊர் மில் தொழிலாளர்கள் எட்டு மணிநேர வேலைக்காகப் போராடியதும், 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் பிரெஞ்சுப் படை சுட்டு 12 பேர் செத்ததும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியும். ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர்வலம் போகும்போது முன்னால் அடிப்பது யார் என்றும் தெரியும். ஊர்வலத்துக்கு வேண்டும், சாவுக்கு வேண்டும், கோயில் திருவிழாவுக்கு வேண்டும். இலக்கிய வட்டத்தின் மேடைக்கு மட்டும் வேண்டாம் என்பது எந்த நியாயத்திலும் சேராது. ஜூன் 21 இசைத் திருநாளுக்குக் கடற்கரைப் பக்கம் கிட்டாரோடு நிற்கும் இளைஞர்களுக்கு இந்த ஊர் கைதட்டுகிறது, தட்டட்டும். அங்கே ஒரு சட்டிக்காரருக்கும் ஒலிவாங்கி வையுங்கள்.

இலக்கிய வட்டத்து நண்பர்களுக்கு என் கோரிக்கை இதுதான். அடுத்த கூட்டத்துக்கு இதே முதலியார்பேட்டையில் பறை அடிக்கிற ஒருவரைப் பேச்சாளராகக் கூப்பிடுங்கள். மற்றப் பேச்சாளர்களுக்குக் கொடுக்கும் அதே நேரத்தையும் அதே சன்மானத்தையும் கொடுங்கள். மேடையில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். இசையில் சாதி இருக்கிறதா இல்லையா என்று அவரிடமே கேளுங்கள். கேட்கும்போது சென்ற கூட்டத்தின் பேச்சாளரையும் முன்வரிசைக்கு அழைத்து உட்கார வையுங்கள்.